அவர் வண்டியின் டயர்கள்

"உங்க வண்டி டயரையும் கொஞ்சம் பாருங்களேன்."

"என்னுது ஓடிக்கிட்டுதானே இருக்கு? உனக்குத்தான் முதல்ல, டீச்சரம்மா."

போன மழைக்காலத்துக்கு முன்னால், என் காருக்குப் புது டயர் மாட்டிய அன்று நானும் என் கணவரும் பேசியது. அப்போது சிரித்துவிட்டேன்.

இன்று காற்று அடிக்க அதே டயர் கடைக்குப் போனேன். கடைக்காரர் சக்கரத்தைத் தட்டிப் பார்த்தார்.

"இது நல்லாத்தான் இருக்கு, டீச்சர். சார் வண்டியை நெனச்சாதான் பயம். உங்க பழைய டயர் நாலும் அதுலதானே ஓடுது?"

"என்னது?"

"உங்களுக்குப் புதுசு மாட்டின அன்னைக்கே அவர் வண்டில மாத்தச் சொன்னாரு. ரெண்டும் ஒரே சைஸாச்சே. போன வாரம் பார்த்தேன். டயர் மேல இருக்கற பட்டனெல்லாம் தேஞ்சு என் தலை மாதிரி வழவழன்னு இருக்கு." சிரித்தவர் வெளியே பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். "பட்டன் இடுக்கு வழியாத்தான் தண்ணி வெளிய போகணும். அது இல்லேன்னா டயர் ரோட்டைப் பிடிக்காது, தண்ணி மேல மிதக்கும். பிரேக் மிதிச்சாலும் நிக்காது."

மழை கொட்டிக்கொண்டிருந்தது. மலைமேல் மருந்துக் கடைகளில் சரக்கு இறக்கிவிட்டு அவர் திரும்பும் நேரம். பத்தொன்பது கொண்டை ஊசி வளைவுகள்.

அழைத்தேன். எடுக்கவில்லை. மறுபடி அழைத்தேன். போன் கை நழுவித் தரையில் விழுந்தது. கடைக்காரர் துடைத்துக் கொடுத்தார்.

நான்கு வருடங்களுக்கு முன், அவருக்குப் பதவி உயர்வோடு அந்த மலை ரூட்டும் வந்தது. அதுவரை ஒரே வண்டியில்தான் போவோம். பள்ளி வாசலில் என்னை இறக்கிவிட்டு ஆபீஸ் போவார். அவர் முன்னேற்றத்துக்கு நானே குறுக்கே நின்றதாகிவிடுமே என்று ஒரு வார்த்தையை இத்தனை நாளும் விழுங்கிக்கொண்டிருந்தேன்.

ஏழாவது முறை எடுத்தார்.

"கடைக்குள்ள இருந்தேன்மா. இதோ கிளம்பிட்டேன்."

"வண்டிய அணைங்க."

"ஏன்?"

"டயர் கடையில நிக்கறேன். எல்லாம் தெரிஞ்சுபோச்சு."

போனில் அவர் வண்டியின் வைப்பர் சத்தம் கேட்டது.

"மெதுவா உருட்டிக்கிட்டு வந்துடுவேன். தினமும் வர்றவன்தானே?"

"ஒரு அடி நகரக்கூடாது. அணைங்கன்னா அணைங்க!"

வைப்பர் நின்றது.

"சரி, அணைச்சாச்சு. இன்னைக்கு இங்கயே குடியிருக்கேன். நாளைக்கு என்ன பண்றதாம்?"

போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"நாளைக்கு அந்த மலை ரூட் வேணாம்னு எழுதிக் குடுத்துடுங்க. பழைய வேலைக்கே வந்துடுங்க. என்னைப் பழையபடி பள்ளிக்கூட வாசல்ல இறக்கி விடுங்க... கெஞ்சிக் கேக்கறேங்க."