சாப்பாட்டு ஜெபம்

எலிசாள் வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டபோது, வராந்தாவில் நின்றவர்கள் பாட்டின் இரண்டாம் சரணத்தில் இருந்தார்கள். குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தடுமாறி நின்றன. கர்க்கடக மாதத்து அடைமழையில் நனைந்து வந்தவர்களின் முகத்துக்கு நேரே கதவைச் சாத்துவது எவ்வளவு பெரிய மரியாதைக்கேடு என்று அவளுக்குத் தெரியும்.

"என்ன மாமி, கதவ அடைச்சிட்டீய?" என்று மருமகள் ரத்னாபாய் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"மாமா உறங்குகாவ. கொறச்சு நேரம் இருக்கச் சொல்லு."

அவள் கணவர் உறங்கவில்லை. கதவைச் சாத்தச் சொன்னதே அவர்தான்.

பெரிய ஆஸ்பத்திரியில் இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள் என்ற செய்தி, ஆரியசாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் அவர்கள் வீடு இருந்த சந்திலிருந்து கிளம்பி சபை முழுக்கப் போயிருந்தது. சத்தியநேசன் உபதேசியார் சாகக் கிடக்கிறார் என்றால் சும்மாவா? சபையில் யாருக்கு மூச்சு இழுத்தாலும் முதலில் ஆளனுப்புவது அவருக்குத்தான். போதகர் ஞாயிற்றுக்கிழமைக்கு, உபதேசியார் சாவுக்கு என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். அவர் குடையை மூலையில் சாய்த்துவிட்டு, படுத்திருப்பவரின் வலது கையைப் பிடித்து, "பயமா இருக்கா?" என்று கேட்பார். அவர்கள் இல்லை என்று தலையசைப்பார்கள். பிறகு ஒரு சங்கீதம், ஒரு ஜெபம். அப்படிப்பட்டவர் தாம் எப்படிப் போகப்போகிறார் என்று பார்க்க யாருக்குத்தான் ஆசை இருக்காது? நல்ல மரணம் பார்ப்பதில் சபையாருக்கு ஒரு ருசி உண்டு. கல்யாணச் சாப்பாட்டைப் போல அதையும் பல நாள் பேசுவார்கள்.

எலிசாள் அறைக்குள் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவர் கண்கள் கூரை ஓடுகளையே பார்த்துக்கொண்டிருந்தன.

"போயாச்சா?"

"வராந்தாவில நிக்காவ."

"அவிய பாடும்போ நெஞ்சு பதறுது பிள்ளே." பார்வையை அவள் பக்கம் திருப்பினார். "எனக்குப் பயமா இருக்கு."

அம்மை போட்டிருந்த வீடுகளுக்குள் தயங்காமல் நுழைந்து வந்த மனிதர்.

"போதகர விளிக்கட்டா? திரவியத்த அனுப்புகேன்." எலிசாள் மகனைக் கூப்பிட எழுந்தாள்.

அவர் அவளுடைய சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டார். "வேண்டாம். அவரும் பயமா இருக்கான்னு கேப்பாரு. நான் இல்லன்னு சொல்லணும்."

எலிசாள் மறுபடியும் உட்கார்ந்தாள்.

"எத்தன பேருக்கிட்ட கேட்டேன். எல்லாரும் எனக்க மொகத்தப் பாத்து இல்லன்னு சொல்லியிருக்காவ. இப்பதான் தெரியுது." தலைப்பை விடாமலே சொன்னார்: "நீ ஜெபம் பண்ணு."

"நானா?" என்றாள்.

உபதேசியாரின் மனைவிக்கு வாய்விட்டு ஜெபிக்கப் பயம் என்பது அந்தச் சபையில் எல்லாருக்கும் தெரிந்த ரகசியம். கல்யாணமான புதிதில், ஓய்வுபெற்ற கம்பவுண்டர் ஒருவர் வீட்டுத் துக்கத்துக்கு அவளும் போயிருந்தாள். நடுக்கூடத்தில் பெட்டி. பெண்கள் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு ஜெபம் சொல்லி வந்தார்கள். அவள் முறை வந்தது. நெஞ்சு அடித்த அடியில், சின்ன வயதில் மனப்பாடம் செய்த சாப்பாட்டு ஜெபம்தான் வாயில் வந்தது. 'எங்களுக்கு முன்னே வைத்திருக்கிற இந்த நல்ல ஆகாரத்துக்காக ஸ்தோத்திரம்' என்று பெட்டிக்கு முன்னால் சொல்லி, ஆமென் போட்ட பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு விளங்கியது. பெண்கள் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டார்கள். கம்பவுண்டரின் மனைவியே அழுகையை விட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

வீட்டுக்கு வந்ததும் சத்தியநேசன் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவளும் கூடச் சிரித்துவிட்டு, கிணற்றடியில் போய் அழுதாள். அதற்குப் பிறகு பெண்கள் கூட்டத்தில் ஜெபம் தன் பக்கம் நகர்ந்து வரும்போதெல்லாம் காப்பி போட எழுந்து போய்விடுவாள். ஆண்டவரிடம் அவளுக்குப் பயமில்லை. கண்ணை மூடிக்கொண்டு காதைத் திறந்து வைத்திருக்கும் மனிதர்களிடம்தான் பயம். வீட்டில் சாப்பாட்டுக்கு முன்னால்கூட அவர்தான் ஜெபிப்பார். சபை, ஊர், அரசாங்கம், நோயாளிகள் என்று எல்லாரையும் நினைத்து முடிக்கும்போது கஞ்சியில் ஆடை படிந்திருக்கும்.

இப்போது அவர் கை இன்னும் சேலைத் தலைப்பைப் பிடித்தபடியே இருந்தது. எலிசாள் அந்தக் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் எடுத்து வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

"ஆண்டவரே," என்றாள். அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. நாக்கின் நுனியில் வந்து நின்றது அந்தப் பழைய வரிதான். வெட்கத்தில் கண்ணைத் திறந்தாள்.

அவருக்குப் புரிந்துவிட்டது. இந்த முறை சிரிக்கவில்லை. "சாரமில்ல, பரவாயில்ல. அதயே சொல்லு."

சொன்னாள். நல்ல ஆகாரத்துக்காக ஸ்தோத்திரம் என்று முடித்ததும், ஆமென் சொல்ல வேண்டிய இடத்தில் வாய் தானாக மேற்கொண்டு பேசியது.

"ஆண்டவரே, இத்தன வருசமும் எங்கள பட்டினி போடல்ல. அரிசி கிடைக்காத வருசம் மரச்சீனிக் கெழங்கு தந்தீரு. இவிய மத்தவிய வீட்டுக்கெல்லாம் போயிட்டு நேரங்கெட்ட நேரத்தில வருவாவ. நான் சோற மூடி வச்சிட்டு உறங்காம இருப்பேன். இப்போ உம்ம வீட்டுக்கு வாறாவ. பயமா இருக்குன்னு சொல்லுகாவ. புது எடத்துக்குப் போறதுன்னா என்னயும் கூட்டிட்டுத்தான் போவாவ. இந்தத் தடவ நான் கூட வர முடியாது. அதனால நீரு வாசல்ல வந்து நில்லும். வெளக்க அணைச்சிட்டுப் படுத்திராதேயும். எனக்கும் பயமாத்தான் இருக்கு. ரெண்டு பேரயும் நீருதான் பாக்கணும்."

"ஆமென்," என்றார் சத்தியநேசன். அவள் சொல்வதற்கு முந்திக்கொண்டு, தெளிவாக.

மழை ஓட்டில் விழும் சத்தம் கேட்டது. அவர் வாசல் பக்கம் காது கொடுத்தார்.

"இனி அவியள உள்ள விளி," என்றார். "பாவம், நனையுகாவ. பாடட்டும்."

அவள் போய்த் தாழ்ப்பாளை எடுத்தாள். சபையார் ஈரக்காலோடு வந்து கட்டிலைச் சுற்றி நின்றார்கள். விட்ட இடத்திலிருந்து பாட்டைத் தொடங்கினார்கள். அவர் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, சரணத்துக்குச் சரணம் உதட்டை அசைத்தார். மூன்றாவது பாட்டு முடியும் முன்னால் உதடு நின்றது. வலது கை, திரும்பி வந்து உட்கார்ந்த எலிசாளின் கைக்குள் இருந்தது. மகன் திரவியம் குனிந்து அப்பாவின் கண்களை மூடினான். அப்போதுதான் எலிசாள் சத்தம் போட்டு அழுதாள்.

அழுது ஓய்ந்தபோது, பெண்கள் சங்கத்துக் காரியதரிசி ஞானாபரணம் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "உபதேசியாரு பயமில்லாமப் போனாரு, இல்லியா எலிசா?"

எல்லாரும் அந்தப் பதிலுக்குத்தான் காத்திருந்தார்கள். ஆமாம் என்று சொல்வது எளிது.

"பயந்தாவ அக்கா," என்றாள் எலிசாள். "பொறவுதான் தெளிஞ்சுது."

ஞானாபரணம் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். சற்று நேரம் கழித்து அவளும் அழத் தொடங்கினாள்.

மறுநாள் மழை சற்று விட்ட நேரத்தில் சபைக் கோயில் மணி அடித்து, கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் முடிந்தது. திரும்பி வந்தபோது, பக்கத்து வீட்டுப் பார்வதியம்மாள் ஒரு பெரிய பானை நிறையக் கஞ்சியும் தேங்காய் போட்ட சிறுபயறுத் துவரனும் கொண்டு வந்து வைத்திருந்தாள். துக்க வீட்டில் அடுப்பு எரியாது என்று அவளுக்குத் தெரியும். கூடத்தில் பாயை விரித்து, உறவுக்காரர்களும் சபைப் பெண்கள் சிலரும் உட்கார்ந்தார்கள். ரத்னாபாய் கிண்ணங்களில் கஞ்சி ஊற்றி, பக்கத்தில் கரண்டிபோல மடித்துக் குத்திய பிலாவிலையை வைத்துக்கொண்டே போனாள்.

எல்லாரும் தலை குனிந்தார்கள். யாரும் தொடங்கவில்லை. போதகர் இன்னொரு துக்கத்துக்குப் போயிருந்தார். திரவியம் அம்மாவைப் பார்த்தான்.

"அம்மா, எனக்குத் தமிழில சொல்ல அவ்வளவா வராது," என்றான் மெல்ல. பள்ளிக்கூடம் முழுக்க மலையாளத்தில் படித்தவன். அப்பா இருக்கையில் அவனுக்கு அந்தத் தேவையும் வந்ததில்லை.

ஞானாபரணம் தொண்டையைச் சரிசெய்துகொண்டாள். அவள் வாயைத் திறக்கும் முன்னால் எலிசாளின் குரல் கேட்டது.

"எங்களுக்கு முன்னே வைத்திருக்கிற இந்த நல்ல ஆகாரத்துக்காக ஸ்தோத்திரம்."

அவ்வளவுதான். அதோடு ஆமென். யாரும் தலைப்பை வாயில் வைக்கவில்லை.

கண்ணைத் திறந்தபோது கஞ்சியிலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது. மற்றவர்கள் ஊதி ஊதிக் குடிக்கத் தொடங்கினார்கள். எலிசாள் பிலாவிலையைக் கையில் வைத்துக்கொண்டு, கஞ்சியில் ஆடை படியும்வரை காத்திருந்தாள்.