தகடா, கம்பியா

1

இந்தக் கதை எனக்குக் கருங்குழியில் ஒரு கறிக்கடையில் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண், பின்னங்கால் எலும்புகளை வெட்டாமல் முழுசாகக் கேட்டாள்.

"இன்னாம்மா, சூப்புக்கா?" என்றார் கடைக்காரர் மோசஸ்.

"இல்லண்ணா, ஒடைக்கறதுக்கு."

அவர் கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். கறி வாங்கப் போனவன் கறியை மறந்து கதையோடு திரும்பினேன். வீட்டில் நல்ல திட்டு.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "சதுரங்கப்பட்டினத்துக் கடற்காற்றில் உப்பு…"

(அடித்துவிட்டேன். உப்பில்லாமல் சர்க்கரையா இருக்கும்?)

பிறகு: "எலும்பு என்பது…"

(எனக்கே கொட்டாவி வந்தது.)

நேராகவே சொல்லிவிடுகிறேன். அந்தக் கறிக்கடைப் பெண்ணுக்கு ஹரிப்ரியா என்று பெயர் வைத்திருக்கிறேன். கல்பாக்கம் குடியிருப்பில் வளர்ந்தவள், இப்போது செங்கல்பட்டில் கால்நடை டாக்டர். மேற்படிப்புக்காக ஓர் ஆராய்ச்சி செய்கிறாள். கடையில் வாங்கிய எலும்புகளை உடைப்பாள். சிலவற்றின் உள்ளே எஃகுக் கம்பி செருகுவாள். சிலவற்றின் மேல் தகடு வைத்துத் திருகாணி போடுவாள். அப்புறம் ஓர் இயந்திரத்தில் மாட்டி, மறுபடி உடையும்வரை வளைப்பாள், திருகுவாள். எது அதிகம் தாங்குகிறது என்பதுதான் கேள்வி. என் கதையில் தகடு ஜெயிக்கிறது. கம்பி, வளைத்தால் தாங்குகிறது, திருகினால் தோற்கிறது.

இதில் கதை எங்கே என்பீர்கள். செத்த எலும்புக்கு வலிக்காது, வலி இல்லாத இடத்தில் எனக்குக் கதை எழுத வராது. அதனால் உயிருள்ள ஓர் ஆட்டின் காலை உடைத்தேன். பாவம்தான்.

3

மாமல்லபுரத்துக்கு அவசரமாகப் போன ஒரு காரைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் அனுப்பினேன். இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. ஆடு சினை. ஆட்டுக்காரி பெயர் வேண்டா.*

(* பெண்பிள்ளை போதும் என்று நினைத்த வீட்டில் வைத்த பெயர். மனசு கேட்காமல் சுஷ்மிதா என்று மாற்றிப் பார்த்தேன். கூப்பிட்டால் திரும்பவே இல்லை.)

"கால் ஒடஞ்ச ஆட்ட வெச்சிகினு இன்னா பண்ணப் போற? கறிக்குக் குட்த்துடு" என்றான் அவள் தம்பி ஜெயக்குமார்.

"வயித்துல குட்டி கீதுடா."

வேண்டா அங்கே நிற்கவில்லை. மீன் ஏற்றும் வேனில் ஆட்டை மடியில் போட்டுக்கொண்டு ஹரிப்ரியாவிடம் வந்துவிட்டாள்.

(இங்கே அவளை அழவைத்திருந்தேன். அழுகிற ஆளாகத் தெரியவில்லை. எடுத்துவிட்டேன்.)

ஹரிப்ரியா எக்ஸ்ரேயைப் பார்த்தாள். "தகடு வெச்சா கால் நல்லா நிக்கும். ஆனா ரொம்ப நேரம் மயக்கத்துல வெக்கணும், குட்டி தங்குமான்னு தெரியல. கம்பின்னா சீக்கிரம் முடிஞ்சிடும்."

"கம்பி தாங்குமா டாக்டரம்மா?"

"தகடு அளவுக்குத் தாங்காது."

"குட்டி?"

"கம்பின்னா பொழைக்க வாய்ப்பு ஜாஸ்தி."

வேண்டா ஆட்டின் காதைத் தடவிக்கொண்டே இருந்தாள். "அப்ப கம்பியே போட்டுடும்மா. துள்ள வுடாம நான் பாத்துக்கறேன்."

4

போட்டாயிற்று. தன் இயந்திரத்தில் தோற்றதையே ஹரிப்ரியா ஓர் உயிருள்ள காலுக்குள் வைத்திருக்கிறாள். எவ்வளவு திருகினால் அது கைவிடும் என்பது அவளுக்கு எண்ணாகவே தெரியும். தெரிந்தே வைத்தாளே என்று எனக்கு அவள்மேல் மரியாதை வருகிறது. பயமாகவும் இருக்கிறது.

முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஆடு நடந்து, குட்டியும் ஈன்றது: காலண்டர் படம் மாதிரி இருந்தது. கம்பி சுழன்று, ஜெயக்குமார் வந்து ஆட்டைக் கயிற்றில்… முடிக்க மனசு வரவில்லை. ஆடு பிழைத்து, குட்டி மட்டும்… அதுவும் முடியவில்லை.

ஆகவே என்னிடம் இருப்பது இவ்வளவுதான். மயக்கம் தெளிந்துவிட்டது. வயிற்றுக்கடியில் துண்டைக் கொடுத்து, வேண்டாவும் ஹரிப்ரியாவும் ஆளுக்கு ஒரு முனையாகப் பிடித்து ஆட்டை நிறுத்தியிருக்கிறார்கள். நான்கு குளம்பும் தரையில் படுகின்றன; எடை இன்னும் இறங்கவில்லை. குட்டி உள்ளே உதைப்பது துண்டு வழியாக வேண்டாவின் கைக்குத் தெரிகிறது.

"வுடலாமா?" என்கிறாள்.

ஹரிப்ரியா என்னைப் பார்த்து, தன் முனையை என் கையில் கொடுக்கிறாள். எனக்குத் தைரியம் இல்லை. இந்தாங்க, இந்த முனையை நீங்கள் பிடியுங்கள். சினை ஆடு, கனம் அதிகம். ரொம்ப நேரம் பிடித்துக்கொண்டே நிற்க முடியாது.