எழிலனுக்குப் பதிலாக வந்தவன்

ராஜமாணிக்கத்துக்குப் பொய் சொல்ல வராது என்று யாரும் சொல்லிவிட முடியாது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் பைப், மோட்டார் விற்கிறவர். பொய்யில்லாமல் வியாபாரம் ஏது? ஆனால் மகள் கல்யாணத்தன்று சிதம்பரத்து மண்டபத்தில் அவர் சொன்னது அந்த ரகப் பொய் இல்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் அவருக்குத் தலை குனிந்துவிடுகிறது.

கதை தொடங்கியது அமெரிக்காவில். அங்கே கல்லூரியில் படிக்கும் மகன் எழிலன் ஒருநாள் போனில், "அப்பா, நான் ஒரு ஃப்ரெட்டர்னிட்டில சேந்துட்டேன்" என்றான்.

"அப்டின்னா?"

"பசங்க எல்லாம் ஒரே வீட்ல சேந்து இருப்போம்ப்பா. புதுசா வர்ற ஒவ்வொருத்தனுக்கும் ஒரு சீனியர்தான் அண்ணன். எனக்கு மார்கஸ்னு ஒருத்தன். படிப்பு முடிஞ்சாலும் அந்த ஒறவு போவாது. சாவற வரைக்கும் அண்ணன் தம்பிதான்."

"கூடப் பொறக்காம எப்டிடா அண்ணன் தம்பி? உனக்குப் பெரியப்பா மவன் பழனிவேல் இருக்கான். அவன் அண்ணன். இதெல்லாம் கோஷ்டி."

பெற்றவர்களுக்குப் புரிய வைக்க அந்தக் கல்லூரியே ஆன்லைனில் ஒரு கூட்டம் வைத்தது. மகள் இலக்கியா பக்கத்தில் உட்கார்ந்து மொழிபெயர்த்தாள். ஓர் அம்மாள் படம் போட்டுப் பொறுமையாகச் சொன்னார்: ரத்த தானம் செய்கிறார்கள், பரீட்சைக்கு ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்கிறார்கள், புதியவர்களைத் துன்புறுத்தினால் கல்லூரி நடவடிக்கை எடுக்கும். ராஜமாணிக்கம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "குடிப்பாங்களா?" அந்த அம்மாள் நேர்மையானவர். சில வீடுகளில் அது உண்டு, அதைத் தடுக்கத்தான் இத்தனை விதிகள் என்றார். முதல் பாதி காதில் விழுந்ததும் இவர் எழுந்து கடைக்குப் போய்விட்டார்.

அப்புறம் எழிலனுக்குக் குடல்வால் ஆபரேஷன் ஆனது. ஆஸ்பத்திரியில் சேர்த்து, கூடவே தங்கி, கஞ்சி மாதிரி எதையோ காய்ச்சிக் கொடுத்தவன் மார்கஸ். அவர் மனைவி பவானி அந்தப் பிள்ளைக்காகச் சாமி கும்பிட்டாள். ராஜமாணிக்கம் "நல்ல பையன்தான்" என்றார்.

தங்கை கல்யாணம் நிச்சயமானபோது எழிலனால் வர முடியவில்லை. நாட்டை விட்டு வெளியே வந்தால் திரும்ப விசா கிடைக்குமோ கிடைக்காதோ என்று பயம். பெண்ணின் அண்ணன் மாப்பிள்ளைக்கு மோதிரம் போட்டுக் கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்து வர வேண்டும். அதை யார் செய்வது?

"மார்கஸ் வர்றாம்ப்பா. மோதிரத்த அவங்கிட்டயே குடுத்துட்டேன். எனக்குப் பதிலா அவன் போடட்டும்."

"சரி சரி, பாக்கலாம்" என்றார் அப்பா. போனை வைத்த கையோடு நகைக்கடைக்குப் போய் இன்னொரு மோதிரம் வாங்கிப் பழனிவேலிடம் கொடுத்துவிட்டார்.

மார்கஸ் வந்து இறங்கினான். ஆறடிக்கு மேல் உயரம், நல்ல கறுப்பு. ராஜமாணிக்கமும் ஒன்றும் சிவப்பு இல்லை. என்றாலும் மனசு சுருங்கியது. வெள்ளைக்காரனாக இருந்திருந்தால் நடுவில் நிறுத்திப் போட்டோ எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பியிருப்பார். அது அவருக்கே தெரிந்தது. தெரிந்தும், உறவுக்காரர்கள் நிறைந்த மண்டபத்தில் தங்க வைக்காமல், சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்து லாட்ஜில் அவனுக்கு ரூம் போட்டார்.

காலையில் மார்கஸ் பட்டு வேட்டி கட்டி, அது நழுவாமல் இருக்க மேலே பெல்ட்டும் போட்டுக்கொண்டு மண்டபத்துக்கு வந்துவிட்டான். இலக்கியாவைப் பார்த்து "தங்கச்சி" என்றான். அவள் கல்யாணப் பெண் என்பதையும் மறந்து கத்திச் சிரித்தாள். பிறகு மார்கஸ் செல்போனை நெஞ்சுக்கு நேரே பிடித்தபடி முன்வரிசையில் உட்கார்ந்தான். வீடியோ எடுக்கிறான் என்று நினைத்தார் ராஜமாணிக்கம்.

மாப்பிள்ளையின் அப்பா ஞானசேகரன் பக்கத்தில் வந்து, "யாரு சம்பந்தி இது?" என்றார்.

"கோயில் பாக்க வந்தவருங்க. லாட்ஜ்ல பாத்தேன். நம்மூரு கல்யாணம் பாக்கணும்னாரு, கூட்டியாந்தேன்."

மார்கஸ் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தான். தமிழ் தெரியாது, அதனால் என்ன என்று சொல்லிவிட்டார்.

ஐயர் குரல் கொடுத்தார். "பொண்ணோட அண்ணன் வாங்கோ. மாப்பிள்ளைக்கு மோதிரம் போடணும்."

அண்ணன் என்ற சொல் மார்கஸுக்குத் தெரியும். எழிலன் சொல்லிக்கொடுத்திருந்தான். எழுந்து சட்டையைச் சரிசெய்து, பையிலிருந்து சின்ன டப்பாவை எடுத்தான்.

"பழனிவேலு, நீ வாடா" என்றார் ராஜமாணிக்கம்.

பழனிவேல் மேடை ஏறினான். மார்கஸ் ஒரு நொடி நின்றான். பிறகு டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். மணவறையிலிருந்து இலக்கியா அப்பாவைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

தாலி கட்டி முடிந்ததும், அவனைச் சாப்பிட அனுப்பிவிடலாம் என்று பக்கத்தில் போனார். அப்போதுதான் போனைப் பார்த்தார். திரையில் எழிலன். அங்கே ராத்திரி. தூங்காமல் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். கேட்டுக்கொண்டும் இருந்திருக்கிறான்.

மார்கஸ் ஆங்கிலத்தில் எழிலனிடம் மெதுவாகக் கேட்டான், அப்பா என்னைக் காட்டி மாப்பிள்ளையின் அப்பாவிடம் என்ன சொன்னார், நான் ஏதாவது தப்புச் செய்துவிட்டேனா என்று. கடைக்காரருக்கு அந்த அளவு ஆங்கிலம் புரியும். மகன் இப்போது சொல்லப்போகிறான் என்று பயந்தார்.

எழிலன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆங்கிலத்திலேயே நிதானமாகச் சொன்னான். "தப்பு ஒண்ணும் இல்ல. எம்மவனுக்காக இவ்ளோ தூரம் வந்திருக்கான், களைச்சிருப்பான்னு சொன்னாரு. அதான் உன்ன சிரமப்படுத்தல."

மார்கஸின் முகம் மலர்ந்தது. எழுந்து இரண்டு கையும் குவித்து, "நன்றி, அப்பா" என்றான்.

ராஜமாணிக்கத்துக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. அவர் பொய்யை மகன் அம்பலமாக்கவில்லை. அவர் மானத்தைக் காக்கத் தானும் ஒரு பொய் சொல்லிவிட்டான். திரையைப் பார்க்க அவருக்குத் துணிவில்லை.

"அப்பா," என்றான் எழிலன் தமிழில். "அந்த மோதிரத்த அவங்கிட்டருந்து வாங்கி வெச்சுக்குங்க. சும்மா எடுத்துக்கிட்டுத் திரும்பி வர வேணாம்." அவ்வளவுதான். போனை வைத்துவிட்டான்.

அவர் மோதிரத்தை வாங்கவில்லை. மார்கஸின் கையைப் பிடித்துக்கொண்டு, பந்திக்குப் போய்க்கொண்டிருந்த கூட்டத்துக்குள் நுழைந்தார். ஞானசேகரனுக்கு முன்னால் போய் நின்றார்.

"சம்பந்தி, நான் சொன்னது பொய். இவன் கோயில் பாக்க வர்ல. எழிலனுக்கு அண்ணன். எனக்கு மூத்த மவன்."

ஞானசேகரன் மார்கஸை ஏற இறங்கப் பார்த்தார். பெல்ட்டையும் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "கேட்டீங்களா, சம்பந்திக்குக் குசும்பு ஜாஸ்தி!" என்று சுற்றியிருந்தவர்களிடம் சொன்னார். அவர்களும் சிரித்தார்கள். எதற்கென்று தெரியாமல் மார்கஸும் சேர்ந்து சிரித்தான்.

"நெசமாத்தாங்க" என்றார் ராஜமாணிக்கம். அதற்கு இன்னும் பலமாகச் சிரித்தார்கள்.