மூன்றாம் பகுதியில் வந்த கடல்

அண்ணன் மகள் செலீன் லண்டனில் எழுதிய நாவலை வெள்ளைக்காரர் நாலு பகுதி நாடகமாக எடுத்துத் தொலைக்காட்சியில் விட்டார்கள். ஞாயிறுதோறும் ஒரு பகுதி. தேவாலயத்தில் ஒரே வாங்குப் பலகையில் இருந்து பூசை கண்டதும் பிக்கரிங்கில் என் மகள் கரோலின் வீட்டுக்குப் போய் அண்ணியும் நானும் பார்த்தோம். எங்கள் இரண்டு பேருக்கும் இங்கிலிசு ஓடாது. கரோலின் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொண்டிருந்தாள்.

எழுதுகிறவர்களை நான் நம்புவதில்லை. ஏழு வருசத்துக்கு முன் செலீன் வந்து என் முன்னால் போனை வைத்து, "சித்தப்பா, அப்பாவைப் பற்றிச் சொல்லுங்கோ" என்றாள். எல்லோருக்கும் சொன்னதையே அவளுக்கும் சொன்னேன். தொண்ணூறாம் ஆண்டு பேசாலையிலிருந்து ராமேஸ்வரத்துக்குப் போகையில் வள்ளம் கவிழ்ந்தது. அண்ணன் அகஸ்ரினை வேறொரு வள்ளம் ஏற்றிக்கொண்டு போனதைக் கண்டேன். பிறகு ஆளைப் பற்றித் தகவல் இல்லை. அடுத்த நாளும் வந்து அதையே கேட்டாள். கள்ளி, இரண்டையும் ஒத்துப் பார்த்திருக்கிறாள்.

புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறாள் என்று கரோலினைக் கேட்டேன். வாசிக்க நேரமில்லை என்றாள். அதையும் நான் நம்பவில்லை.

என் சொல்லை நம்பி அண்ணி வேரோனிக்கா முப்பத்தைந்து வருசம் காத்திருந்தார். செத்தவர்களின் ஆன்மாவுக்குக் கொடுக்கும் பூசையை அண்ணனுக்குக் கொடுக்க விடவில்லை. உயிரோடிருக்கிறவருக்கு அது சாபம் என்றார். சுவாமிமார் சொல்லியும் கேட்கவில்லை.

முதல் இரண்டு பகுதியும் சிரிப்போடு போயின. அண்ணனாக நடித்தவனுக்குச் சாரம் உடுக்கத் தெரியவில்லை.

"உவன் குளிச்சிட்டு வாற பொம்பிளை மாதிரியெல்லோ கட்டியிருக்கிறான்," என்றார் அண்ணி. "உன்ர கொண்ணன் கண்டா அவிட்டுத் திருப்பிக் கட்டிவிட்டிருப்பார்."

"நானா நடிக்கிறவனைப் பாருங்கோ அண்ணி. முழியே கள்ள முழி."

"அதில பிழையில்லை அப்பா," என்றாள் கரோலின்.

மூன்றாம் பகுதியில் கடல் வந்தது. கவிழ்ந்த வள்ளம். ஒரு பிளாஸ்டிக் கலனைப் பிடித்தபடி தம்பி. தம்பியின் சட்டையைப் பிடித்தபடி அண்ணன். கலன் இரண்டு பேரைத் தாங்காது. தம்பி அண்ணனின் விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றினான். வேறு வள்ளம் எதுவும் வரவில்லை.

"ஏன் பிள்ளை பேசாமல் இருக்கிறாய்? என்ன சொல்லுறாங்கள்?" என்றார் அண்ணி.

"ஒண்டும் சொல்லேல்லை, பெரியம்மா. ஒருத்தரும் கதைக்கேல்லை."

அண்ணி திரையை விட்டு என்னைப் பார்த்தார். "றெமிஜியஸ், உது நடந்ததோ?"

புத்தகம் விற்கச் செலீன் சோடித்தாள் என்று சொல்லியிருக்கலாம். பெற்ற மகளை விட்டு என்னை நம்பியிருப்பார். அத்தனை காலம் பழகின நம்பிக்கை.

"நாடகக்காரர் அண்ணி, அவங்கள்..."

"நான் நாடகக்காரரைக் கேக்கேல்லை. உன்னைக் கேக்கிறன். அவர் செத்தவரெண்டா, ஒரு பூசை இல்லாமல் இவ்வளவு காலமும் மோட்சத்துக்குப் போகேலாமல் உத்தரிக்கிற ஸ்தலத்தில கிடக்கிறார். என்னாலை. சொல்லு."

என்னாலை என்றுதான் சொன்னார். உன்னாலை என்றிருந்தால் நான் சண்டை பிடித்துத் தப்பியிருப்பேன்.

"நான்தான் கையைக் கழட்டி விட்டனான்," என்றேன். "வேற வள்ளம் வரேல்லை."

கரோலின் அழத் தொடங்கினாள். அண்ணி அழவில்லை.

"எந்த நாள்?"

"ஆவணி பன்ரண்டு. விடியக்காலமை."

"ஏதும் சொன்னவரோ?"

"என்ர பேரைச் சொன்னவர்."

அண்ணி கரோலின் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, கோயிலுக்குப் போன் எடு. கிட்டின நாளில ஒரு பூசை கேள். செத்துப்போன அகஸ்ரினுக்கு எண்டு சொல்லு."

கரோலின் போனோடு அடுத்த அறைக்குப் போனாள். அண்ணி என்னைப் பாராமலே சொன்னார்.

"நீயும் வா. ஆனா நான் இருக்கிற வாங்கில வந்து இருக்காதை."

ஓம் என்றேன்.