உயிலில் காணாமல் போன பறவை

வேலாயுதம் போட்ட சத்தத்தில் சிராங்கூன் சாலையில் போகிறவர்கள்கூட மாடியை அண்ணாந்து பார்த்திருப்பார்கள்.

"என் பறவை எங்கம்மா? உயில்ல என் பறவைய காணோம்!"

வழக்கறிஞர் இராஜசிங்கத்தின் அலுவலகத்தில் பதினாறு வருடமாகத் தட்டச்சு செய்பவள் விசாலாட்சி. பூன் லேயிலிருந்து வேலாயுதம் அன்று வந்ததே உயிலில் கையெழுத்துப் போடத்தான். வீடு மகனுக்கு, நகை மருமகளுக்கு, எல்லாம் சரியாக இருந்தது. தன் காலத்துக்குப் பிறகு மெர்போக் என்ற பாடும் புறா பக்கத்து வீட்டு அப்துல் கஃபாருக்குப் போகவேண்டும் என்ற பத்தி மட்டும் மாயமாய்ப் போயிருந்தது. பாட்டுப் போட்டிகளில் மூன்று கோப்பை வாங்கிய பறவை அது. மனிதருக்கு வீட்டைவிட அதுதான் பெரிசு.

"நான் டைப் பண்ணேன் சார், சத்தியமா பண்ணேன்," என்றாள் விசாலாட்சி.

"உள்ளுக்கு வாங்கோ," என்றார் இராஜசிங்கம். அந்தக் குரலே சரியில்லை.

அது 1994. அலுவலகத்துக்குக் கணினி வந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. எந்தக் கோப்பை யார் எப்போது திறந்தார்கள் என்று அது தானாகவே தாளில் அச்சடித்து வைக்கும்படி, அதைப் பொருத்திய ஆள் செய்துவிட்டுப் போயிருந்தான். வேறு யாரும் அதைத் தொடுவதில்லை என்பதால் விசாலாட்சியின் பெயரை மட்டும் போட்டு, கடவுச்சொல்லை விசைப்பலகையின் அடியிலேயே ஒட்டியும் வைத்திருந்தான். இராஜசிங்கமோ அந்தப் பெட்டியைக் கண்டால் இரண்டடி தள்ளி நிற்பார். ஆனால் கணினிக் குற்றங்களுக்கென்று போன வருடம் வந்த சட்டத்தை மட்டும் கரைத்துக் குடித்திருந்தார். வழக்கு ஒன்று கையில் சிக்காதா என்று ஏங்கிக்கொண்டிருந்தவருக்கு, அது தன் மாடியிலேயே கிடைத்துவிட்டது.

அவர் ஒரு தாளை நீட்டினார். "இதப் பாருங்கோ. பதினாலாந்தேதி, ஒன்பது பதினேழுக்கு அந்த உயில் திறபட்டிருக்கு. ஒன்பது இருபத்தாறுக்கு மாத்திச் சேமிச்சிருக்கு. ஆற்ற பேர் இருக்கு?"

அவள் பெயர்தான் இருந்தது.

"போன மாசம் அந்தப் பறவை உங்கட மேசையில எச்சம் போட்டிட்டுது எண்டு எவ்வளவு கோவப்பட்டனீங்கள்!"

"அதுக்காக உயில்ல கை வைப்பேனா சார்? பறவ மேல கோவம்னா பறவையத்தான திட்டுவேன்?"

"மெஷின் பொய் சொல்லாது, விசாலாட்சி. நான் போலீசுக்கு எழுதத்தான் வேணும். அதுவரைக்கும் நீங்கள் வீட்டில இருங்கோ."

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. காய்ச்சலோடு வந்து தட்டச்சு செய்து கொடுத்த நாட்களெல்லாம் என்ன ஆயின? ஒரு தாளைப் பார்த்ததும் அத்தனையும் போச்சா? போலீஸ் என்ற சொல் வெளியே கசிந்தால், இந்தத் தேக்கா வட்டாரத்தில் வேறு எந்த வழக்கறிஞர் அவளைப் படியேற்றுவார்?

பதினாலாந்தேதி. அன்றைக்கு எங்கே இருந்தோம்? திடுக்கென்று நினைவு வந்தது. கைப்பையைக் கவிழ்த்து, எல்லை தாண்டும்போது காட்டும் கடப்பிதழை எடுத்தாள்.

"பாருங்க சார்! அன்னிக்கு நான் ஊர்லயே இல்ல. காலையில உட்லண்ட்ஸ் தாண்டி ஜோகூர்ல அக்கா வீட்டுக்குப் போயிட்டேன். எல்லையில குத்தின சாப் இருக்கு!"

இராஜசிங்கம் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் பார்த்தார். "தேதி இருக்கு. மணி இல்லையே. பத்து மணிக்கும் போயிருக்கலாம்."

வழக்கறிஞர் புத்தி எங்கே போகும்!

"வேலை நாள்ல நான் ஏன் சார் ஜோகூர் போறேன்? நீங்கதான லீவு கொடுத்தீங்க?"

"நானோ? எதுக்கு?"

விசாலாட்சி விறுவிறுவென்று சுவரருகே போய், நாட்காட்டியில் கிழித்துச் செருகி வைத்திருந்த பழைய தாள்களைப் புரட்டினாள். பதினாலாந்தேதித் தாளில் சிவப்பு எழுத்தில் விசயதசமி என்று இருந்தது. அதற்குக் கீழே நல்ல நேரம் ஒன்பதே காலிலிருந்து பத்தே கால்.

முதல் நாள் சரஸ்வதி பூசைக்குக் கணினிக்குச் சந்தனம் பூசிப் பொட்டு வைத்துப் படைத்தது அவள்தான். படைத்ததை யாரும் தொடக்கூடாது. மறுநாள் நல்ல நேரத்தில் எடுத்து வைப்பது இராஜசிங்கத்தின் பொறுப்பு.

"சார், ஆபீஸ் சாவி ரெண்டே ரெண்டு. ஒன்னு என்கிட்ட. இன்னொன்னு?"

இராஜசிங்கத்தின் முகம் மெல்ல மெல்ல மாறியது.

"நான்... ஏடு தொடக்க வந்தனான்," என்றார். "எங்கட ஆக்கள் விசயதசமிக்குக் கட்டாயம் ஏடு தொடக்குவினம். இனி எல்லாம் உதிலதானே எழுதுறம், அதான் உதிலயே ஓம் எண்டு எழுதுவம் எண்டு..."

"கம்ப்யூட்டர்லயா? என் பேர்லயா?"

"கீழ ஒட்டியிருந்ததைப் பாத்துத்தான் அடிச்சனான். ஏதோ ஒண்டு திறந்துது. எலியைப் பிடிச்சு இழுத்தன், கொஞ்ச எழுத்து கறுப்பாப் போச்சு. ஓம் எண்டு அடிச்சன். கறுப்போட அந்த எழுத்தும் மறைஞ்சு போச்சு. ஆற்றையோ பத்திரத்துக்குள்ள சாமி பேர் வேண்டாம் எண்டு பிறகு ஓமையும் அழிச்சிட்டன்."

"அழிச்சதும் சேமிக்கவான்னு கேட்டிருக்குமே?"

"கேட்டது. நல்ல நாளில மெஷின் கேட்ட முதல் கேள்விக்கே இல்லை எண்டு சொல்லலாமோ? ஓம் எண்டு குடுத்திட்டன்." பாவம், தலையைத் தூக்க முடியவில்லை அவருக்கு. "உது வேலையில்லையே, சாமி காரியம். அதாலதான் ஞாபகத்துக்கே வரேல்ல."

விசாலாட்சிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்து முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சார், அடுத்தவங்க பேர்ல உள்ள பூந்து பைலை மாத்தினது யாரு? போலீசுக்கு லெட்டர் எழுதலாமா?"

"விளையாடாதேங்கோ, விசாலாட்சி."

"நான் விளையாடல. ஒரு நிமிஷத்துல என்னைத் திருடி ஆக்கிட்டீங்க. எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? வெளியில அவர் உக்காந்திருக்காரு. வந்து சொல்லுங்க."

இராஜசிங்கம் எழுந்து வெளியே போய் வேலாயுதத்திடம் ஒன்றுவிடாமல் சொன்னார். வேலாயுதம் தொடையில் தட்டிச் சிரித்தார். "அட, சாமி காரியமா லா! சாமியே கேட்டாலும் என் பறவை அப்துல் கஃபாருக்குத்தான்!"

"விசாலாட்சி," என்று திரும்பினார் இராஜசிங்கம். "என்னை மன்னிக்க வேணும்."

பதினாறு வருடத்தில் அவர் வாயிலிருந்து அவள் கேட்டிராத சொல் அது. ஆனாலும் அவளுக்கு ஆறவில்லை.

"எழுதிக் கொடுங்க சார். நான் டைப் பண்ண மாட்டேன். நீங்களே பண்ணுங்க."

அவர் கணினிக்கு முன்னால் உட்கார்ந்து, ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினார். இரண்டே வரி. அரை மணி நேரம் பிடித்தது. வேலாயுதமும் விசாலாட்சியும் பின்னால் நின்று பார்த்தார்கள், ஒருவரும் உதவவில்லை. அச்சாகி வந்த தாளில் அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அதை அவள் கோப்பில் போடவில்லை. நான்காக மடித்துக் கடப்பிதழுக்குள் வைத்துப் பையை மூடிவிட்டு, "எழுந்திருங்க சார், எனக்கு வேலை இருக்கு," என்றாள்.