நடுவில் ஓடிய ஒரு ‘நோ’

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான்தான். முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

சனிக்கிழமை மதியம், யாரும் கேட்காமல், தங்கையின் லேப்டாப்பில் மொத்த சிஸ்டத்தையும் புதிய பதிப்புக்கு மாற்றினேன். பழையது நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவனுக்கு நன்றாக ஓடுகிற எதைப் பார்த்தாலும் கை அரிக்கும். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் மெஷினை நான் தொடும்போது எப்போதுமே சொன்னதில்லை.

ஞாயிறு முழுக்க அவள் அதைத் திறக்கவில்லை. மறுநாள் தேர்வு, தலையை ஓய்வாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று வானொலி கேட்டுக்கொண்டு படுத்திருந்தாள். திங்கள் காலை, இரவு ஷிப்ட் முடிந்து ஏழரைக்கு வீட்டுக்குள் நுழைந்தேன். செருப்பைக் கழற்றுவதற்குள் அவள் குரல் வந்தது.

“அண்ணா, பலகை எழும்பல.”

என் தங்கைக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. பலகை என்று அவள் சொல்வது முழங்கை நீளத்தில் இருக்கும் ஒரு பிரெயில் கருவியை. லேப்டாப்போடு வயரில் சேர்ந்திருக்கும். திரையில் இருக்கிற வரி அதன் மேல் சின்னச் சின்னப் புள்ளிகளாக எழும்பும். விரலால் தடவிப் படிப்பாள். திரையில் வருவதை வாசித்துச் சொல்கிற குரலும் அதே லேப்டாப்பில் உண்டு. ஆனால் அன்றைய தேர்வு ஒரு பதிப்பகத்தில் பிழை திருத்துகிற வேலைக்கு. காற்புள்ளி விட்டுப்போயிருக்கிறதா, இடைவெளி இரண்டாக விழுந்திருக்கிறதா என்பதெல்லாம் காதுக்குத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும். வீட்டிலிருந்தே எழுதலாம், மதியம் சரியாக இரண்டு மணிக்குத் தொடங்கும் என்று சொல்லியிருந்தார்கள். முப்பத்திரண்டு வயதில் அவளுக்குக் கிடைத்திருக்கிற முதல் தேர்வு அது. அதற்கு முன்னால் விண்ணப்பித்த இடங்களில் எல்லாம் ‘உங்களால் எப்படி முடியும்’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

வயரைக் கழற்றி மாட்டினேன். அணைத்துப் போட்டேன். வேறு துளையில் செருகினேன். ஒன்பதரை மணிக்கு இணையத்தில் தேடியபோதுதான் விஷயம் புரிந்தது. அவள் பலகைக்குப் பதினோரு வயது, செய்த கம்பெனியே மூடிவிட்டது. பிரெயில் கருவிகளை ஓட்டுகிற மென்பொருளின் புதிய பதிப்பில் அந்த மாடலை எடுத்துவிட்டார்கள். சிஸ்டத்தோடு சேர்த்து நான் போட்டது அந்தப் புதிய பதிப்பைத்தான்.

“பழையதுக்குத் திரும்பப் போக முடியாதா?” என்றாள்.

“பேக்கப் இல்ல, பாப்பா. பழையத நகல் எடுத்து வைக்கல.”

அலுவலகத்தில் ஒரு நாளைக்கு மூன்று பேக்கப் எடுக்கிறவன் நான். ஒருநாள் தவறினால் மேலதிகாரி என்னைக் கிழித்துத் தொங்கவிடுவார். வீட்டில் ஒன்றுகூட எடுத்ததில்லை.

ஒரே வழி, பழைய பதிப்பின் சோர்ஸ் கோடு, அதாவது மூல நிரலை இறக்கி, இந்த மெஷினிலேயே கட்டி ஏற்றுவது. யாரோ முகம் தெரியாத நாலு பேர் வருஷக்கணக்கில் இலவசமாக எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று வைத்திருக்கிறார்கள். அவர்கள் நன்றாக இருக்க வேண்டும். ஆனால் எடுத்துக் கட்டுகிறவன் பாடு இருக்கிறதே, அது தனிப்பாடு. நிரலை மெஷின் மொழிக்கு மாற்றுகிற கம்பைலர் இல்லை என்றது லேப்டாப். கம்பைலரைப் போட்டால் இன்னொன்று இல்லை என்றது. அதைப் போட்டால் அதற்கு வேறு ஒன்று வேண்டுமாம். கிணறு வெட்டினால் ஒரு பூதம்தான் கிளம்பும் என்பார்கள். எனக்கு வரிசையாக ஏழு கிளம்பின.

பதினொரு மணிக்கு எல்லாம் சேர்ந்தது. முதலில் ‘கன்பிகர்’ ஓட்ட வேண்டும். அது மெஷினுக்குள் போய், இது இருக்கிறதா, அது இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, ஒவ்வொரு வரியிலும் ‘எஸ்’, ‘நோ’ என்று எழுதிக்கொண்டே போகும். முந்நூறு வரிக்குக் குறையாது. அதை வாசிக்கும் குரல், அவள் பழக்கப்படுத்தி வைத்திருக்கிற வேகத்தில், தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுவது போலக் கொட்டியது. பதினாறு மணி நேரமாக விழித்திருந்த தலைக்குள் அது ஆணி அடித்தது.

“அந்தச் சத்தத்த நிறுத்து பாப்பா. மண்ட உடையுது.”

நிறுத்தினாள். வரிகள் ஓடி முடிந்தன. கடைசியில் பிழை எதுவும் இல்லை. அடுத்தது ‘மேக்’. நிரலையெல்லாம் மெஷின் மொழிக்கு மாற்றிக் கட்டுகிற வேலை. அந்தக் கிழட்டு லேப்டாப் மின்விசிறி இரைய இரைய நாற்பது நிமிடம் எடுத்துக்கொண்டது. பாஸ்வேர்டைப் போட்டு நிறுவினேன். பலகையைச் செருகினேன்.

அவள் விரல்களை வைத்துக் காத்திருந்தாள். ஒரு புள்ளிகூட எழும்பவில்லை.

“ரெண்டு பேரும் சாப்பிட்டுட்டு வந்து அந்தப் பெட்டியக் கட்டிக்கிட்டு அழுங்க,” என்றாள் அம்மா வாசலில் நின்று. அம்மாவுக்குப் பயம் வந்தால் குரல் சிடுசிடுக்கும். இரண்டு தட்டுகளை மேஜை ஓரத்தில் வைத்துவிட்டு, தங்கையின் தலையை ஒருமுறை தொட்டுவிட்டுப் போனாள். என்னைத் தொடவில்லை, அதற்கு நியாயமும் இல்லை.

வேறு போல்டரில் போய் உட்கார்ந்திருக்கும், அதனால்தான் வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டினேன். தூக்கக் கலக்கத்தில் வருகிற முடிவுகளுக்கு இருக்கிற உறுதி வேறு எந்த முடிவுக்கும் இருக்காது. எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, நிறுவ வேண்டிய இடத்தை மாற்றிச் சொல்லி, பன்னிரண்டேகாலுக்கு மறுபடி கன்பிகர் ஓட்டினேன். இந்த முறை நான் சொல்லாமலே அவள் இயர்போனை மாட்டிக்கொண்டாள்.

ஓடி முடிந்ததும், “அண்ணா, நடுவுல ஒரு ‘நோ’ போச்சு,” என்றாள்.

“நூறு ‘நோ’ போகும். அதெல்லாம் சகஜம்.”

“இது வேற மாதிரி...”

“பாப்பா, நான் பதினஞ்சு வருஷமா இதத்தான் செய்யறேன். கொஞ்சம் சும்மா இரு.”

சும்மா இருந்தாள். நான் மேக்கைத் தட்டிவிட்டு நாற்காலியில் சாய்ந்தேன். வரிகள் மேலே போய்க்கொண்டே இருந்தன. இன்னும் நாற்பது நிமிடம். இதுவும் எழும்பாவிட்டால் அவளிடம் என்ன சொல்வது என்று யோசிக்க ஆரம்பித்தேன். அந்த யோசனையிலேயே கண் சொருகிவிட்டது. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான்.

தோளை உலுக்கியதில் விழித்தேன். நாற்காலி மேஜைக்கு எதிரே இல்லை, அலமாரிக்குப் பக்கத்தில் இருந்தது. சக்கரம் வைத்த நாற்காலி. என்னை அப்படியே ஓரமாகத் தள்ளிவிட்டு, சமையலறை ஸ்டூலைப் போட்டு அவள் உட்கார்ந்திருக்கிறாள்.

“மணி?”

“பன்னெண்டு அம்பது. பாஸ்வேர்டு சொல்லு.”

“மேக் முடிஞ்சிடுச்சா?”

“நிறுத்திட்டேன்.”

தூக்கம் முழுசாகக் கலைந்தது. கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. “நிறுத்திட்டியா? யாரக் கேட்டு நிறுத்தின?”

“நீ யாரக் கேட்டு அப்டேட் போட்டே?”

அவள் குரலை உயர்த்தவில்லை. இயர்போனின் ஒரு பக்கத்தை மட்டும் காதிலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னாள்: “நீ தூங்கினதும் அந்த வரியெல்லாம் மறுபடி கேட்டேன். ரெண்டு தடவ. மத்த ‘நோ’ எல்லாம் நம்மகிட்ட இல்லாத கருவிக்கு. ஒண்ணு மட்டும் யூஎஸ்பி-க்கு. என் பலகை யூஎஸ்பி வயர்லதானே வருது? அதுக்கு வேண்டிய ஃபைல் மெஷின்ல இல்ல. கன்பிகர் என்ன பண்ணுது தெரியுமா? இல்லன்னா பரவாயில்லன்னு யூஎஸ்பி-ய விட்டுட்டு மீதிய மட்டும் கட்டுது. நீ எந்த இடத்துல நிறுவினாலும் என் பலகை அதுக்குத் தெரியாது.”

சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். காலி சட்டியை இரண்டு முறை கிண்டியிருக்கிறேன். அந்த வரி என் கண் முன்னால் இரண்டு தடவை ஓடியிருக்கிறது. கண் இருந்தது, நான் பார்க்கவில்லை. பிழை என்று சிவப்பில் கத்தினால் பார்த்திருப்பேன்.

“அந்த ஃபைலப் போட பாஸ்வேர்டு வேணும்,” என்றாள். “அப்புறம் இன்னொண்ணு. ஹெல்ப் குறிப்பு முழுக்கக் கேட்டேன். அது அறுபத்தேழு கருவிக்கும் சேத்துக் கட்டுது, அதான் அவ்வளவு நேரம். என்னோடத மட்டும் கட்டச் சொல்லலாமாம்.”

பதினைந்து வருஷத்தில் அந்த ஹெல்ப்பை நான் ஒருமுறைகூட முழுசாகப் படித்ததில்லை.

“தள்ளு, நான் பண்றேன்,” என்று எழுந்தேன்.

“உனக்கு இன்னும் தூக்கம் போகல. டைப் அடிக்கிறது காலையிலேருந்து கேட்டுட்டுதான் இருக்கேன், ஒரு எழுத்து அடிச்சா ரெண்டு அழிக்கிறே. பாஸ்வேர்ட மட்டும் சொல்லு.”

இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். அந்த லேப்டாப் வாங்கி ஆறு வருஷம். எதையாவது ஏற்றவோ நீக்கவோ வேண்டுமென்றால் கேட்கிற அந்தப் பாஸ்வேர்டை அவளிடம் நான் சொன்னதே இல்லை. தெரியாமல் எதையாவது அழுத்திக் கெடுத்துவிடக் கூடாது என்று நானே போட்டு நானே வைத்திருந்தேன். அதற்கு நான் போட்ட சொல்லும் அன்றைக்கு விளையாட்டாகத் தோன்றியது.

“அண்ணா, மணி ஆகுது.”

“பாப்பாதொடாதே,” என்றேன். “இங்கிலீஷ் எழுத்துல. சேத்து.”

அவள் விரல்கள் விசைப்பலகையின் மேல் ஒரு நொடி நின்றன. பிறகு அடித்தாள். ஒரு எழுத்துகூடத் தப்பாக அடிக்கவில்லை. அந்தப் பதினான்கு தட்டல்களையும் நான் நின்றுகொண்டே கேட்டேன். செத்துவிடலாம் போலிருந்தது.

ஃபைல் ஏறியது. கன்பிகரை மறுபடி ஓட்டினாள், தன் பலகை மாடலை மட்டும் சொல்லி. வரிகள் பறந்தன. அவள் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருந்து, “எஸ்,” என்று மெல்லச் சொன்னாள். எந்த வரிக்கு என்று எனக்குத் தெரிந்தது. மேக் ஆறே நிமிடத்தில் முடிந்தது. நிறுவினாள். ஒன்று பதினெட்டுக்குப் பலகையைச் செருகினாள்.

டிர்ர் என்று சன்னமாக ஒரு சத்தம். நாற்பது எழுத்துக்கான புள்ளிகளும் ஒரே நேரத்தில் எழும்புகிற சத்தம். அவள் இரண்டு கைகளையும் அதன் மேல் வைத்து இடமிருந்து வலமாகத் தடவினாள். திரும்பவும் தடவினாள். வாசலில் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

“இப்ப சாப்பிடறேன்,” என்றாள் தங்கை. “நீ போய்ப் படுண்ணா.”

படுத்தேன், தூங்கவில்லை. இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை, சுவருக்கு அந்தப் பக்கம் புள்ளிகள் எழுவதும் அடங்குவதும் கேட்டுக்கொண்டிருந்தது. அத்தனை அசதி என் வாழ்நாளில் வந்ததில்லை. எல்லாம் ஷிப்ட் அசதி இல்லை என்று தெரிந்தது. ஒருத்தரைச் சுமந்துகொண்டிருக்கிறேன், சுமந்துகொண்டிருக்கிறேன் என்று இத்தனை வருஷம் முதுகு வளைந்து நடந்திருக்கிறேன். அவளோ பக்கத்திலேயே நடந்து வந்துகொண்டிருந்தாள், நான்தான் வழியை மறித்துக்கொண்டிருந்தேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு காலை. அவள் குளிக்கப் போயிருந்தாள். ஷிப்ட் நீண்டு எட்டே முக்காலுக்கு வந்தவன் நேராக அவள் மேஜையில் உட்கார்ந்தேன். இந்த முறையாவது ஒழுங்காக ஒரு பேக்கப் எடுத்து வைத்துவிட வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்திருந்தேன். பாஸ்வேர்டு கேட்டது. அடித்தேன். தவறு என்றது. நிதானமாக மறுபடி அடித்தேன். தவறு என்றது.

“பேக்கப்பா?” ஈரத் தலையோடு பின்னால் நின்றாள். ஆள் நான் என்று என் மூச்சே சொல்லிவிடும், வேலை என்ன என்று லேப்டாப்பின் குரல் சொல்லிவிட்டது. “வாராவாரம் நானே எடுக்கிறேன்.”

“பாஸ்வேர்டு...”

“மாத்திட்டேன்.”

சுருக்கென்றது. இத்தனை செய்திருக்கிறேனே என்று ஒரு கோபமும் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். அது வந்த வேகத்திலேயே வடிந்தும் போனது. அதற்குப் பின்னால் வந்தது வெறும் தூக்கம். நல்ல தூக்கம். எழுந்து நாற்காலியை அவள் பக்கம் திருப்பி வைத்தேன்.

அவள் உட்கார்ந்து, பலகையின் மேல் விரல்களை வைத்தாள்.

“கதவச் சாத்திட்டுப் போண்ணா. ஒம்பது மணி ஆயிடுச்சு, எனக்கு ஆபீஸ் தொடங்கிடுச்சு.”