சலூன்காரர் விழுங்கிய மாத்திரை

லாரி டிரைவரின் முகத்தில் சோப்பு நுரையைப் பூசியபடியே சலூன்காரர் யானைக்கால் நோய்த் தடுப்பு மாத்திரையைப் பற்றி அளந்துகொண்டிருந்தார். கத்தரிக்கோல் ஓய்ந்தாலும் அவர் பேச்சு ஓயாது.

"போன வருஷம் போட்டேன் பாருங்க, தலை கிர்ருன்னு சுத்திடுச்சு. நோயே இல்லாதவனுக்கு எதுக்கு மருந்து?"

காத்திருந்தவர்கள் பலமாகத் தலையாட்டினார்கள். அந்த நேரம் பார்த்து அவர் மனைவி உள்ளே நுழைந்தாள். வீடு வீடாக மாத்திரை கொடுக்கும் பொறுப்பைச் சுகாதார நிலையம் அவளிடம்தான் ஒப்படைத்திருந்தது. படியேறிய வீடெல்லாம் ஒரே பாட்டு: 'உன் வீட்டுக்காரரே போடலையாமே!' அன்று மாலையோடு முகாம் முடிகிறது. பையோ நிறைந்தபடியே இருந்தது.

"ஏங்க, போன வருஷம் வெறும் வயித்துல போட்டீங்களே, அதை இவங்ககிட்ட சொன்னீங்களா?"

சலூன்காரர் சீப்பைத் துடைக்க ஆரம்பித்தார்.

"உங்க அண்ணனுக்கு யானைக்கால் வந்து கால்ல செருப்பு நுழையல. அவருக்கும் முதல்ல ஒண்ணுமே தெரியலையே! கிருமி ரத்தத்துல சத்தமில்லாம இருக்கும். அவரைக் கடிச்ச கொசு நம்மளையும் கடிக்கும். அதான் எல்லாரும் போடணுங்கறாங்க."

அண்ணன் பேச்சு வந்ததும் அவர் முகம் வாடிவிட்டது. "சாப்பிட்டாச்சு, குடு" என்று வாங்கி விழுங்கினார். பிறகு சவரக் கத்தியை எடுத்தார்.

டிரைவர் நுரையோடு துள்ளி எழுந்தார். "ஐயையோ! தலை சுத்தும்னு இப்பதானே சொன்னீங்க? என் கழுத்துக்கு யாருண்ணே பொறுப்பு?"

கடையே குலுங்கிச் சிரித்தது. தான் கிளப்பிய புரளி தன் பிழைப்பிலேயே கைவைக்கும் என்று சலூன்காரர் கண்டாரா? நாற்காலியில் உட்கார ஒருவரும் வரவில்லை.

மனைவி பையை இறக்கி வைத்துவிட்டு அந்த நாற்காலியில் ஜம்மென்று உட்கார்ந்தாள். "பின்கழுத்து முடியை எடுத்து விடுங்க."

ஆண்கள் மட்டுமே உட்கார்ந்து பழகிய நாற்காலி அது. சலூன்காரர் கூச்சத்தோடு அவள் கொண்டையை ஒதுக்கிக் கத்தியை வைத்தார். கை கொஞ்சமும் ஆடவில்லை. வேலை முடிந்ததும் அவள் கழுத்தைத் தடவிப் பார்த்து, "இத்தனை வருஷத்துல இன்னைக்குத்தான் எனக்கு ஒரு வேலை செஞ்சிருக்கீங்க" என்றாள்.

டிரைவர் கையை நீட்டினார். "எனக்கும் குடும்மா. மாத்திரை முதல்ல, ஷேவிங் அப்புறம்."

"சாப்பிட்டாச்சா?" என்று ஒவ்வொருவரையும் கேட்டுக் கேட்டுக் கொடுத்தாள். சலூன்காரர் போட்டுவிட்டார் என்ற செய்தி தெருவெல்லாம் பரவியது. காலையில் விரட்டியவர்கள் தாங்களே தேடி வந்தார்கள். மாலையில் அவள் வெறும் பையை உதறிக் காட்டினாள்.

"நீங்க இதை முதல்லயே போட்டிருந்தா என் கால்வலி மிச்சமாயிருக்கும்!"

சலூன்காரர் கடைக்குள் இருந்தவர்களைப் பார்த்துச் சிரித்தபடி சொன்னார்: "நோய் இல்லாதவனும் மருந்து சாப்பிட்டாத்தான் நோய் ஊரை விட்டுப் போகும். ஊர் சாப்பிடணும்னா, சொல்றவங்க வீட்டு ஆளு முதல்ல சாப்பிடணும்!"